பருத்த உடலும் பசித்த வயிறும்



உணவு வழங்கும் வரிசையைக் கண்ட நம்மவர் ஒருவர், "இத்தனை பருத்த உடலுக்குப் பசியா, ஃபாதர்?" என வினவினார். நம் ஊரில் தொந்தி பண்ணையாருக்கு. ஒட்டிய வயிறு உழவனுக்கு. அன்று வறுமை என்பது உணவின்மை, இன்றோ, நல்லுணவின்மை.

நம் நியூ ஜெர்சி மாநிலம் 2022-இல், நல்லுணவுக் கடைகள் அரிதான 50 பகுதிகளைப் பட்டியலிட்டது. கேம்டன் அவற்றுள் ஒன்று. அத்தகைய இடத்தில், காருமின்றி இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு அருகில் கிடைப்பவை பெரும்பாலும் சிப்ஸும் சோடாவுமே. குறைந்த காசில் வயிற்றை நிரப்புபவை மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். கீரையும் பழமும் விலை மிகுந்தவை. இதனைப் போசனப்பிரியம் என்று தீர்ப்பிடுவது தகுமோ?

நாமும் நம் வீட்டில் மிஞ்சிய நூடுல்ஸையும் இனிப்புப் பானங்களையுமே அவர்களுக்கெனக் கொணர்கிறோம். வரும் ஞாயிறன்று பருப்பும் காய்கனியும் கொணருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை