கஷ்டப்படாதீங்கம்மா!

பிள்ளைகள் அன்பாகச் சொல்கிற வார்த்தைகளில் ஒன்று எனக்கு அடியோடு பிடிக்காமல் போய்விட்டது. "நீங்க ஒண்ணும் கஷ்டப்படாதீங்கம்மா, எல்லாம் வாங்கிட்டு வந்துடறோம்." மார்கழி பாதி தாண்டினால் போதும், போனில் இது வந்துவிடுகிறது.

சொன்னபடியே வாங்கியும் வருகிறார்கள். வடை, பாயசம், பொரியல், ஏன், சர்க்கரைப் பொங்கலே டப்பாவில் வந்து இறங்குகிறது. வாசலில் பானைக்குப் பக்கத்தில் கரும்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ. சாப்பாடு. நாலு மணிக்கெல்லாம், "டிராஃபிக் ஆயிடும் அத்தை, கிளம்பறோம்." 2026-இல் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளியும் சனியும் அரசு விடுமுறை, அதற்கு மேல் ஞாயிறு. சென்னையிலிருந்து எங்கள் ஊரான கூரத்துக்கு வர எத்தனை நேரம் ஆகும்? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் பொங்கலுக்கு லீவு கிடையாது. கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களைத்தான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு இல்லாமல் இருக்காது. பச்சை மொச்சையை உரித்து முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் போட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய் விழும். அவசரப்பட்டு அழுத்தினால் நசுங்கிப் போகும். ஒரு வீட்டுக்குத் தேவையான பருப்பை ஒருத்தியால் பிதுக்கி மாளாது. அதனால்தான் பெரியவர், சின்னவர், நாத்தனார், ஓரகத்தி என்று எல்லாரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நின்றுபோன கல்யாணப் பேச்சு மறுபடி கூடியதும், அண்ணன் தம்பி மனஸ்தாபம் தீர்ந்ததும் அந்த முறத்தைச் சுற்றித்தான். இப்போது பிதுக்கிய பருப்பே விலைக்குக் கிடைக்கிறது. குழம்பு கொதிக்கிறது, பேச ஆள் இல்லை.

கூட ஒரு ஆள் இருப்பதன் அருமை பட்டு நெய்கிறவர்களுக்குத் தெரியும். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால்தான் உடலும் கரையும் கோத்துக்கொள்ளும். பண்டிகையும் அப்படித்தான். எனக்கு முழங்கால் வலிப்பது நிஜம். அதற்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கேட்டால், வேலையையே வீட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்களே!

அதுவும் எந்த ஊரில்? வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரில். வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டு, ராத்திரி வெகுநேரம் கழித்து அவர் வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சி வரதர் சந்நிதி வரைக்கும் கேட்டது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இதே தை மாதத்து அஸ்தத்தில்தான் அவருடைய திருநட்சத்திரம். அவருக்கும் முன்னால், 7-ஆம் நூற்றாண்டில், பரமேசுவரவர்ம பல்லவன் இங்கே கோயில் எழுப்பியபோது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும், தண்ணீரும் நெருப்பும் கொண்டுவருவதற்கும் பங்கு ஒதுக்கினான். கூரம் செப்பேட்டில் இருக்கிறது. ராஜா கட்டியதானாலும் தண்ணீர் சுமக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மாட்டுப் பொங்கலன்று வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருளுகிறார். முன்பெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பமாகப் போவோம். பெருமாள் இன்றைக்கும் தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறார். என் பேரப்பிள்ளைகள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வருஷம் அந்த அரை நாளும் வராமல் போய்விடுவார்களோ என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளே, எங்கள் கஷ்டத்தைக் குறைக்க நினைத்தால் டப்பாவோடு வராதீர்கள். போகிக்கு முதல் நாளே வெறுங்கையோடு வாருங்கள். முறத்தைச் சுற்றி உட்காருங்கள். பார்வேட்டை பார்த்துவிட்டுப் போங்கள்.