நடுங்குவது நிலம், நடுங்கலாமா அறிவு?

பூமியை ஆயிரந்தலைப் பாம்பு தாங்குகிறது, அது தலை அசைத்தால் நிலம் அதிர்கிறது என்றார்கள். பாவம் பெருகினால் பூமாதேவி பொறுக்கமாட்டாள் என்றார்கள். பாமரர் மட்டுமா அப்படிப் பேசினர்?

1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் அதிர்ந்து பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒன்பது நாள் கழித்து நம் திருநெல்வேலியில் பேசிய காந்தியார், அது தீண்டாமைப் பாவத்துக்கு ஆண்டவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையை வெறுத்த தாகூரே அதை மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சிக்குக் காரணம் இயற்கையில்தான் உண்டு என்றார். நாமும் அதையே சொல்கிறோம். தீண்டாமை ஒழியவேண்டும், மனிதனை மனிதன் இழிவு செய்யும் கொடுமை என்பதற்காக ஒழியவேண்டும், பூமி அதிரும் என்ற அச்சத்துக்காக அன்று! ஒதுக்கியவனைத் தண்டிக்க வந்த அதிர்ச்சி, ஒதுக்கப்பட்டவனின் மண்சுவரையும் சாய்ப்பானேன்? இதுவா தெய்வ நீதி?

உண்மை என்ன? நிலத்தடிப் பாறைகள் பிளவின் இருபுறமும் ஒன்றையொன்று நெருக்கி, உராய்வால் பிடிபட்டு, வில்லென வளைந்து நிற்கின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் பிடிவிட்டுச் சறுக்குகின்றன. 1906ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ அதிர்ச்சியை ஆராய்ந்து, ரீடு என்னும் அறிஞர் இதை விளக்கினார். அந்த முறிவு ஒரே கணத்தில் முடிவதன்று. துணி கிழிவதுபோல் ஓரிடத்தில் தொடங்கி, பெரும்பாலும் நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறது. அது ஓடும் திசையிலுள்ள கருவியில் அலைகள் நெருங்கிக் குவிந்து, குறுகிய நேரத்தில் பேரதிர்வாய்ப் பதிகின்றன. எதிர்த்திசைக் கருவியில் நீண்டு தணிந்து பதிகின்றன. பல ஊர்க் கருவிகள் வரைந்த கோடுகளை ஒப்பிட்டு, முறிவு எங்கே தொடங்கிற்று, எப்பக்கம் ஓடிற்று, எங்கே மிகுதியாய்ச் சறுக்கிற்று என்று கணக்கிடுகிறார்கள்.

1967 டிசம்பர் 11ஆம் நாள் மராட்டியத்துக் கொய்னாவில் ஏறக்குறைய 180 பேர் மாண்டனர். அணைக்குள் வைத்திருந்த கருவி, புவியீர்ப்பில் நூற்றுக்கு 63 பங்கு அளவுக்கு நிலம் உதறியதை எழுதிவைத்தது. அணைப் பொறியாளர்கள் இன்றும் அந்தப் பதிவைக் கொண்டு தங்கள் கணக்கைச் சோதிக்கிறார்கள். நிலப்பிளவைத் தூண்டியது எது? அணையில் தேக்கிய நீர் என்றனர் ஆய்வாளர். பாம்புமன்று, பாவமுமன்று!

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவில் தொடங்கிய முறிவு, வடக்கு நோக்கி 1,300 கிலோமீட்டர் தொலைவு, ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடியதை ஜப்பானியக் கருவிகள் காட்டின. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்க ஏற்பாடில்லை; எண்ணாயிரம் அளவில் தமிழர் மடிந்தனர். எச்சரிக்கை நிலையம் ஐதராபாத்தில் எழுந்தது 2007இல்தான். அவர்களைக் கொன்றது விதியா, நம் ஆயத்தமின்மையா?

இராசபாளையத்து இளைஞனே, உன் ஊர்ப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தவை என்று நிலநூலார் கூறுகின்றனர். எந்தப் புராணம் உனக்கு இதைச் சொன்னது? திருவில்லிபுத்தூர்த் தோழனே, நிலமகளே ஆண்டாளாய்ப் பிறந்தாள் என்று நம்பும் ஊர் உன் ஊர். ஆண்டாளின் தமிழைச் சுவைத்திடு. நிலநடுக்கத்துக்கு விடையை அங்கே தேடாதே! உங்கள் ஊர்கள் பேரச்சம் கொள்ள வேண்டியவை அல்ல. ஆயினும், 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோவை வட்டாரமே குலுங்கியது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள், அமைதியான மேட்டுநிலம் என்று எண்ணியிருந்த லாத்தூரில் பல்லாயிரவர் மாண்டனர். அறியாமல் இருப்பது பாதுகாப்பன்று.

கோபுரத்துக்குக் குடமுழுக்கு என்றால் நன்கொடை குவிகிறது. அதில் ஒரு பங்கைக் கொண்டு பள்ளிதோறும் ஒரு நில அதிர்வுமானி வைக்கக்கூடாதா? மாணவர் கோடுகளைப் படித்துப் பழகட்டும். ஆட்சியாளரும் அணைகளிலும் மருத்துவமனைகளிலும் அக்கருவிகளை நிறுவி, பதிவுகளை மக்கள்முன் வைக்கட்டும். நில அதிர்வைத் தடுக்க நம்மால் இயலாது. இடியாத வீடு கட்ட இயலும். அதற்கு வேண்டியது பரிகாரமன்று, பதிவும் கணக்கும்!