கறுப்பினப் பாடகிக்கு மெல்லப் பாடும் உரிமை

2019 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் ராப் பாடகர் ஸ்டார்ம்ஸி பெரிய மேடையின் இரவு நிகழ்ச்சியை முடித்துவைத்தார். பிரிட்டன் கொடி தீட்டிய, கத்திக்குத்தைத் தாங்கும் கவசச் சட்டையோடு அவர் நின்ற படம் உலகெங்கும் பரவியது. அந்த மேடையின் முதன்மைக் கலைஞராக நின்ற முதல் கறுப்பின பிரிட்டானியர் அவர்தான் என்ற செய்தியும் கூடவே பரவியது. அதை மறுத்து ஒரு பெண் பேசினார். 1999லேயே தன் இசைக்குழு அதே மேடையில் அதே இடத்தில் நின்றதை நினைவூட்டினார். ஸ்டார்ம்ஸியும் அதை மதிப்போடு ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் ஸ்கின். அவருடைய ராக் இசைக்குழு ஸ்கங்க் அனன்ஸி.

1999இல் அந்த விழாவின் மூன்று இரவுகளை மூன்று குழுக்கள் முடித்துவைத்தன. வெள்ளிக்கிழமை ஆர்.இ.எம்., சனிக்கிழமை மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஸ்கங்க் அனன்ஸி. இவர்களில் மூன்றாவது குழு மட்டும்தான் தானே முன்வந்து தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த மறதியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பேச விரும்புவது அந்த இருபது ஆண்டுகளுக்கு நடுவே விழுந்து, அதைவிட ஆழமாக மறக்கப்பட்ட ஒன்றைப் பற்றி. 2001இல் குழு கலைந்த பிறகு, 2003இல் ஸ்கின் வெளியிட்ட தனி ஆல்பம் அது. பெயர் ‘ஃபிளெஷ்வூண்ட்ஸ்’. எலும்பைத் தொடாத, சதையோடு நின்றுவிடும் காயங்கள் என்று பொருள்.

ஸ்கின்னின் இயற்பெயர் டெபோரா டையர். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தில், தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் வளர்ந்தவர். ஒல்லியான உடலுக்காக வந்த பட்டப்பெயரே மேடைப் பெயராக நிலைத்தது. 1994இல் தொடங்கிய குழுவின் பெயரில் இருக்கும் அனன்ஸி, மேற்கு ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளின் சிலந்தி. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு கரீபியத் தீவுகளுக்குப் போய், அங்கும் வலியவரைத் தந்திரத்தால் வென்றுகொண்டிருக்கும் சிலந்தி.

அன்றைய பிரிட்டன் எப்படி இருந்தது? ஓயாசிஸ், பிளர் போன்ற வெள்ளையின ஆண்களின் குழுக்கள் ‘பிரிட்பாப்’ என்ற பெயரில் நாட்டின் குரலாகக் கொண்டாடப்பட்டன. கிடாரிலும் உடையிலும் தேசியக்கொடி. 70களில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி குடியேறிகளுக்கு எதிரான ஊர்வலங்களில் தூக்கிப்பிடித்த அதே கொடி, இப்போது குதூகலமான ஃபேஷனாகத் திரும்பியிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள்தான் தலையை மழித்த, தன் பாலீர்ப்பை ஒளிக்காத ஒரு கறுப்பினப் பெண் வந்து நின்று கத்தினார். குழுவின் தொடக்ககாலப் பாடல் ஒன்றின் தலைப்பிலேயே நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. 1996இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘ஸ்டூஷ்’, ‘ஆமாம், இது அரசியல்தான்’ என்று வசைச்சொல்லோடு அறிவிக்கும் தலைப்புடைய பாடலோடு தொடங்கியது. குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன.

இந்தப் பின்னணியோடு ‘ஃபிளெஷ்வூண்ட்ஸ்’ ஆல்பத்தைக் கேட்பவருக்கு முதலில் தோன்றுவது திகைப்பு. இரைச்சலான கிடார்கள் பின்வாங்கியிருக்கின்றன. மின்னணு ஒலிகளும் மெதுவான தாளமும் முன்னே வந்திருக்கின்றன. முன்பு அரங்கின் கடைசி வரிசை வரை எறியப்பட்ட குரல், இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிறது. ஒரு பாடலின் தலைப்பு ‘விசுவாசம்’, இன்னொன்றின் தலைப்பு ‘தொலைந்தேன்’, மற்றொன்று தன்னிடமே உள்ள சிக்கலைப் பற்றியது. ஓர் உறவு முறிந்துபோன பிறகு மனிதர்கள் தங்களோடு பேசிக்கொள்ளும் பேச்சு.

பிரிட்டனில் ஆல்பம் முதல் நாற்பது இடங்களுக்குள்கூட வரவில்லை. குழுவின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கேட்ட கேள்வி எளிமையானது: அந்தக் கோபம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியைத்தான் நாம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஏனென்றால் ஸ்கின் திடீரென்று மெல்லப் பாடத் தொடங்கியவர் அல்ல. ஸ்கங்க் அனன்ஸியை உலகெங்கும் கொண்டுசேர்த்த பாடல்களில் முதன்மையானவை ‘வீக்’, ‘ஹெடோனிசம்’ போன்றவை. ஒன்று தன் பலவீனத்தை ஒப்புக்கொள்கிறது. மற்றொன்று கைவிடப்பட்ட மனதின் மெதுவான பாடல். அரசியல் பாடல்களும் காதல் பாடல்களும் ஒரே ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆக, மென்மை முதலிலிருந்தே இருந்தது. பார்த்தவர்கள் கோபத்தை மட்டும் எடுத்து அவர் முகத்தில் ஒட்டிவைத்தார்கள். ‘கோபக்காரக் கறுப்பினப் பெண்’ என்பது வெள்ளைச் சமூகம் நெடுங்காலமாகத் தயாராக வைத்திருக்கும் ஒரு முகமூடி. அது அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியதாக அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள்.

இதே சூழலில் ஒரு வெள்ளையினப் பாடகருக்கு என்ன நடக்கும்? பீட்டில்ஸ் கலைந்த 1970லேயே ஜான் லெனன் தன் தனி ஆல்பத்தில் தாயை இழந்த துயரத்தைத் தொண்டை கிழியக் கத்திப் பாடினார். அது துணிச்சலான சுயவிசாரணையாகப் போற்றப்பட்டது. தி போலீஸ் குழு ஓய்ந்த பிறகு, 1985இல் ஸ்டிங் ‘தி ட்ரீம் ஆஃப் த புளூ டர்ட்டில்ஸ்’ என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். ராக்கிலிருந்து ஜாஸ் பக்கம் நகர்ந்த ஆல்பம். அதில் வாசித்த பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ், கென்னி கிர்க்லண்ட், ஓமர் ஹக்கீம், டாரில் ஜோன்ஸ் நால்வரும் அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள். கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் கதவு மூடப்படவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் இடம், பிரிட்டனில் மூன்றாம் இடம். தி போலீஸ் குழுவே ஜமைக்காவின் ரெக்கே தாளத்தை எடுத்து வளர்ந்த குழுதான். 1979இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு, ‘வெள்ளையரின் ரெக்கே’ என்று பொருள்படும்படி வேடிக்கையான பிரெஞ்சில் வைக்கப்பட்டது. ஸ்டிங் மீது எனக்குக் குறையில்லை. அந்த ஆல்பத்தை விரும்பிக் கேட்பவன்தான் நான். ஆனால் ஒரு வெள்ளையினப் பாடகர் ஜமைக்காவின் தாளத்திலிருந்து அமெரிக்கக் கறுப்பினரின் ஜாஸுக்குப் போனால் அது ‘வளர்ச்சி’ எனப்படுகிறது. ஜமைக்கக் குடும்பத்தில் பிறந்த பெண் ராக்கிலிருந்து மெல்லிசைக்குப் போனால் ‘தன்னை இழந்துவிட்டார்’ எனப்படுகிறது. இந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன்.

ஸ்கின் முதல் ஆளும் அல்ல. 1976இல் எரிக் கிளாப்டன் சந்தித்த எதிர்ப்பு அலையை இங்கே நினைவுகூர வேண்டும். பாப் மார்லியின் பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அந்தக் கிடார் கலைஞர், அந்த ஆண்டு பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிர்வினையாகப் பிறந்தது ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம். 1978 ஏப்ரலில் அந்த இயக்கம் லண்டனின் விக்டோரியா பூங்காவில் நடத்திய பெருவிழாவில் பாடிய குழுக்களில் ஒன்று எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். அதன் பாடகி பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர். பற்களில் கம்பி மாட்டிக்கொண்டு, நுகர்வுப் பண்பாட்டைக் கிழித்துப் பாடிய பங்க் பாடகி. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. 80களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட தனி ஆல்பமான ‘டிரான்ஸ்லூசன்ஸ்’ மிக அமைதியானது, ஜாஸ் சாயல் கொண்டது. பங்க் பாடகியிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது கவனிப்பாரின்றிப் போனது. பாலி ஸ்டைரீன் 2011இல் மறைந்தார். பெண்கள் தலைமையேற்ற பங்க் இசையின் முன்னோடி என்று இன்று அவரைக் கொண்டாடுபவர்களும் பெரும்பாலும் அந்த முதல் குழுவோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு பெண்கள், இரண்டு தலைமுறைகள், ஒரே வடிவம். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இசைச் சந்தையின் அலமாரிகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று பார்த்தால் புரியும். அமெரிக்காவின் பில்போர்டு இதழ் கறுப்பினரின் இசைத்தட்டுகளுக்கு 1949 வரை ‘இன இசைத்தட்டுகள்’ என்ற பொருளில் தனிப் பட்டியல் வைத்திருந்தது. பிறகு அதற்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று பெயர் மாறியது. பிற்காலத்தில் ‘அர்பன்’ என்ற சொல் அந்த வேலையைச் செய்தது. 2020இல்தான் கிராமி விருதுக்குழு ஒரு பிரிவின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது. பெயர்கள் மாறினாலும் அலமாரி அங்கேயே இருந்தது. ராக் இசை அந்த அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருள். கிடாரை ஏந்தி 1938லேயே இசைத்தட்டில் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப், ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது 2018இல். பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிவுசெய்த ‘ஹவுண்ட் டாக்’ பாடலை உலகம் எல்விஸ் பிரெஸ்லியின் பாடலாகவே அறிகிறது.

வீட்டைக் கட்டியவர்களின் பேத்திகள் அந்த வீட்டுக்குள் விருந்தாளிகளாகத்தான் அனுமதிக்கப்படுகிறார்கள். விருந்தாளிக்கு ஒரு நிபந்தனை உண்டு: எதற்காக அழைத்தோமோ அதைச் செய். ஸ்கின் கத்தும் வரை ராக் அலமாரியில் ஓர் இடம் இருந்தது. அவர் மெல்லப் பாடியதும் அவரை எங்கே வைப்பது என்று சந்தைக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்தபோது அந்த அழுத்தத்தை நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். தனி ஆல்பத்தின் அட்டையில் ஒரு பெயர்தான், ஓர் உடல்தான்.

சாதியை அறிந்த வாசகருக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிராமஃபோன் காலத்து இசைத்தட்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். எந்த ஆண்டில் எந்த வகைத் தட்டு என்ன விலைக்கு விற்றது, யார் வாங்கியிருக்கக்கூடும் என்ற கணக்குகள்தான் அதில் இருந்தன. முதல் கேள்வி: “உங்க சமூகத்தோட வலி இதுல எங்க சார் வருது?” கேட்டவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். எனக்கு முன்பு யாப்பு பற்றிப் பேசியவரிடம் அவருடைய சமூகத்தின் வலியை யாரும் கேட்கவில்லை. நம்மிடம் புலம்பலையும் முழக்கத்தையும் மட்டும் எதிர்பார்ப்பவர்கள் எல்லோரும் எதிரிகள் அல்லர். பலர் நம்மைப் பாராட்டுகிறவர்கள். அதனால்தான் அந்த எதிர்பார்ப்பை மறுப்பது கடினமாக இருக்கிறது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆல்பம் சுமாராக இருந்திருக்கலாம், அதனால் விற்காமல் போயிருக்கலாம், இதில் இனத்தை ஏன் இழுக்க வேண்டும்? ‘ஃபிளெஷ்வூண்ட்ஸ்’ மகத்தான படைப்பு என்று நான் வாதிடவில்லை. சில பாடல்கள் நெஞ்சில் தங்குகின்றன, சில பாடல்களில் ஒலிப்பதிவின் வழுவழுப்பு குரலை மூடிவிடுகிறது. குழு கலைந்த பிறகு வரும் முதல் தனி ஆல்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். பாடகர் புதிய மொழியைத் தேடுகிறார், பாதியைக் கண்டடைகிறார். வெள்ளையின ஆண்களுக்கு அந்தப் பாதி ஆல்பம் ‘இடைக்காலப் படைப்பு’ என்று வரலாற்றில் சேர்கிறது. அடுத்த ஆல்பத்துக்குப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள். சமத்துவத்தை அளக்க விரும்பினால் மேதைகளைப் பார்த்து அளக்காதீர்கள். ஒடுக்கப்பட்டவர்களிலிருந்து ஒரு மேதை வந்தால் அவருக்கு விருது கொடுத்துத் தன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள எந்தச் சமூகத்துக்கும் தெரியும். சுமாரான, அமைதியான, தடுமாறுகிற ஒரு படைப்பைச் செய்ய அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா, செய்த பிறகும் பெயர் நிலைக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

ஸ்கின் 2006இல் ‘ஃபேக் கெமிக்கல் ஸ்டேட்’ என்ற இரண்டாவது தனி ஆல்பத்தை வெளியிட்டார். கிடார்கள் திரும்பி வந்தன. 2009இல் குழு மீண்டும் ஒன்றுசேர்ந்தது. தன் வாழ்க்கைக் கதையை 2020இல் புத்தகமாக்கினார். பிரிட்டன் அரசின் ஓ.பி.இ. பட்டமும் வந்தது, ஓர் இசைக்கல்லூரியின் வேந்தர் பொறுப்பும் வந்தது. ஆகவே இது தோற்றுப்போன ஒருவரின் கதை அல்ல. ஆனால் அவர் திரும்பி வந்தபோது கிடைத்த வரவேற்பு பழைய கோபத்துக்கான வரவேற்பாகவே பெரிதும் இருந்தது. நடுவில் மெல்லப் பாடிய அந்தப் பெண்ணை யாரும் திரும்ப அழைக்கவில்லை.

அந்த ஆல்பத்தை இன்றும் கேட்கலாம், இணையத்தில் கிடைக்கிறது. போராளியின் அடையாளத்தைத் தேடாமல் கேளுங்கள். ஒரு பெண் தன் காதல் முறிந்ததைப் பாடுகிறார். அதற்கு மேல் அந்தப் பாட்டு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எதையும் நிரூபிக்காமல் ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போகக்கூடிய நாளுக்காகவும்தான் கறுப்பின மக்கள் போராடினார்கள், நாமும் போராடுகிறோம்.