ஆங்கிலப் பக்கம்: ஒன்றும் பலவும்

ஆங்கிலத்தில் பன்மைச் சொற்களை எழுதும் முறை குறித்து இம்மாதம் எழுதுமாறு அன்பர்கள் பலர் கேட்டிருந்தனர். பள்ளியிற் படிக்கும் மக்களையுடைய தாய்மார்களே அவர்களுள் மிகுதி. 'எஸ் என்னும் எழுத்தைச் சேர்த்தால் பன்மை. இதில் எழுத என்ன இருக்கிறது?' என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் சற்றுப் பொறுத்து மேலே படிக்க வேண்டுகிறோம்.

நம் பிள்ளைகள் இதில் ஏன் இடறுகின்றனர் என்பதை முதலில் காண்போம். தமிழில் 'பத்து மாடு', 'நான்கு வீடு' என்றால் பிழையன்று. எண் முன்னே நிற்பதால் பன்மை தானே விளங்கிவிடுகிறது. அஃறிணைப் பெயர் 'கள்' விகுதி பெறாமலும் நிற்கும், அதன் ஒருமை பன்மையை வினைச்சொல் காட்டும் என்பது தொல்காப்பியமும் ஏற்ற வழக்கு. ஜபல்பூர் போன்ற ஊர்களில் வளரும் பிள்ளை தெருவிற் கேட்கும் இந்தியோ 'ஏக் கர், தோ கர்', 'ஏக் ஆத்மி, தஸ் ஆத்மி' என்று சொல்கிறது. 'லட்கா' என்பது 'லட்கே' ஆவதுண்டு. ஆனால் 'கர்' பத்தானாலும் 'கர்'தான். ஆகவே வீட்டு மொழியும் தெரு மொழியும் ஒருங்கே கூடி, 'டென் புக்' என்று சொல்லப் பிள்ளையைத் தூண்டுகின்றன. இதை அறியாமை என்று கடிந்துகொள்ளுதல் தகாது.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் 'ஷீப்ஸ்' என்று சொல்லி நகைப்புக்கு ஆளானாள். வீட்டிலும் வசவு கிடைத்தது. அதன்பின் இரண்டு வாரம் ஆங்கில வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. ஷீப் என்னும் சொல் ஒன்றானாலும் நூறானாலும் ஷீப்தான். டீர் என்னும் மான் பெயரும் அவ்வாறே. அச்சிறுமி கற்ற விதியைச் செவ்வனே கையாண்டாள். விதிதான் அவளைக் கைவிட்டது. அவளைப் பார்த்து நகைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே நம் கருத்து.

நிற்க. எஸ் மட்டும் எங்கே, இ-எஸ் இரண்டும் எங்கே என்பதை நாவே சொல்லிவிடும். பாக்ஸ், பஸ், டிஷ், பெஞ்ச் ஆகியவை சீறும் ஒலியில் முடிகின்றன. சீற்றத்தின்மேல் இன்னொரு சீற்றத்தை நா ஏற்காது. இடையே ஓர் உயிரொலி வேண்டும். அதனால்தான் பாக்ஸஸ், பெஞ்சஸ் என இ-எஸ் வருகிறது. ஸ்டமக் என்னும் சொல்லும் எழுத்தளவில் பெஞ்ச் போலவே சி-எச் என்றுதான் முடியும். ஆயினும் அங்கே ஒலி 'க்' ஆதலின் எஸ் மட்டுமே போதும். கண்ணை நம்பாமல் காதை நம்புக.

அடுத்து வரும் ஒய் ஈற்றுச் சொற்களிலோ காதை நம்பினால் கெட்டோம். லாரி, ட்ராலி என்னும் இரண்டும் நம் காதுக்கு ஒரே முடிவுடையன. ஆனால் லாரியில் ஒய்க்கு முன் நிற்பது ஆர் என்னும் மெய்; ஆகவே ஒய் நீங்கி ஐ-இ-எஸ் வரும். ட்ராலியில் ஒய்க்கு முன் இ என்னும் உயிர் இருப்பதால் ஒய் அசையாமல் நின்று எஸ்ஸை மட்டும் ஏற்கும். டே, ஹாலிடே, ரயில்வே ஆகியவை ட்ராலியின் கூட்டம். லேடி, சாலரி, டூட்டி ஆகியவை லாரியின் கூட்டம். விடுப்பு விண்ணப்பம் எழுதுவோர் ஹாலிடே என்பதை லாரிக் கூட்டத்திற் சேர்த்துவிடுதல் பெருவழக்காய் உள்ளது. மனிதர் பெயருக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. ஒரு வகுப்பில் மேரி என்னும் பெயருடையார் இருவர் இருந்தால் ஒய்யைத் தொடாமல் எஸ் சேர்ப்பர்.

எஃப் ஈற்றுச் சொற்களின் கதை சுவையானது. நைஃப் என்பது நைவ்ஸ் ஆவது ஏன்? பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் எஃப் மெலிந்து வி போல ஒலித்தது. 'கல்' என்பதில் வன்மையாய் ஒலிக்கும் ககரம், 'அகல்' என்பதில் மெலிந்து ஒலிக்கிறதன்றோ? அதே இயல்புதான். லீஃப், வைஃப், தீஃப் போன்ற பழஞ்சொற்களில் அம்மெலிவு எழுத்திலும் ஏறி நிலைத்துவிட்டது. ப்ரூஃப், சீஃப் என்பன பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறியவை. ஆதலின் அவை எஃப்பை விடாமல் எஸ் மட்டும் கொள்ளும். ரூஃப் பழங்குடியாக இருந்தும் குடியேறியவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அதை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

ஓ ஈற்றில் பெரியோரும் தடுமாறுவர். பொடேட்டோ, டொமேட்டோ, ஹீரோ என்பன இ-எஸ் பெறும். போட்டோ, கிலோ, ரேடியோ எஸ் மட்டும் பெறும். 1992 ஜூன் மாதம் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் குவேல், நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது, பொடேட்டோ என்னும் ஒருமைச் சொல்லைக் கரும்பலகையிற் பிழையின்றி எழுதிய சிறுவனை, இறுதியில் இ ஒன்று சேர்க்கச் சொன்னார். அவர் கையிற் கொடுத்திருந்த அட்டையிலும் அவ்வாறே பிழையாய் இருந்ததாம். பன்மையில் வரும் இ, ஒருமைக்குள் புகுந்துவிட்டது! மேங்கோ என்னும் சொல் நம் தென்னாட்டு மாங்காய்தான். போர்ச்சுகீசியர் வாயிலாக ஆங்கிலம் புகுந்தது. அதற்கு எஸ் எழுதினாலும் இ-எஸ் எழுதினாலும் ஏற்பர்.

கூஸ் என்னும் வாத்தினம் கீஸ் ஆகிறதே, மங்கூஸ் மங்கீஸ் ஆகாதா என்று சிறுவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மங்கூஸ் மராத்தியிலிருந்து சென்ற கீரியின் பெயர். வாத்துக்கும் அதற்கும் உறவில்லை. மங்கூஸஸ் என்பதே சரி. பஸ் என்பதோ ஆம்னிபஸ் என்னும் லத்தீன் சொல்லின் வால். அம்முழுச்சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்பது பொருள். அதாவது அது முன்பே பன்மை. அவ்வாலைப் பிடித்து ஆங்கிலேயர் மறுபடி பன்மையாக்கினர். நாம் 'ஒரு லேடீஸ் வந்தார்' என்று சொல்வதைக் கேட்டு நகைப்போர் இதையும் அறிதல் நலம்.

மத்திய அரசுப் பணியாளர் வீடுகளுக்கு ஒரு சொல். பிள்ளைகளின் கல்விப்படி கோரும் தாளில் 'சில்ரன்ஸ்' என்று காண்கிறோம். சில்ரன் என்பதே பன்மை. அங்குள்ள எஸ், மேற்குறியோடு வந்து 'உடைய' என்னும் பொருள் தருவது. அக்குறியை விட்டு எழுதினால் பன்மைமேல் பன்மை ஏறிவிடும்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் நாம், இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் இடமாற்றம் பெற்ற அன்பர் ஒருவர் ஐந்து பெட்டிகளைப் பார்சலில் அனுப்பினார். மூன்றே வந்து சேர்ந்தன. முறையீட்டில் அவர் 'மை பாக்ஸ் நாட் ரிசீவ்ட்' என ஒருமையில் எழுதினார். எத்தனை என்னும் எண்ணையும் குறிக்கவில்லை. இடையிலிருந்த ஒரு நிலையத்தார் ஒரு பெட்டியைத் தேடி அனுப்பிவிட்டு, முறையீடு தீர்ந்தது என்று தாளை மூடிவிட்டனர். ரசீதைப் பார்த்திருக்கலாகாதா என்று கேட்பது நியாயமே. ஆனால் தாளைப் பார்ப்பவர் தாளில் உள்ளதைத்தான் பார்ப்பார். எஞ்சிய பெட்டியில் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்தன. மறுபடி எழுதி அது கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று; கல்லூரியிற் சேரும் நாள் அதற்குள் கடந்துவிட்டது. இத்தகைய கடிதத்தில் பன்மை விகுதியோடு எண்ணையும் எழுத்தாலும் இலக்கத்தாலும் குறித்தல் வேண்டும்.

லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் ஆகியவை எஸ் பெறா. எண்ணிக்கை காட்ட வேண்டுமாயின் 'பீஸஸ் ஆஃப் லக்கேஜ்' என்க. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பது இந்நாட்டில் எங்கும் கேட்கும் பிழை. பலருள் ஒருவர் ஆதலின் ஃப்ரெண்ட்ஸ் என்றே வரல் வேண்டும். பத்து ரூபாய் நோட்டைக் கூறும்போது மாறாக, 'டென் ருப்பீ நோட்' என எஸ் இன்றி வரும். அங்கே ரூபாய் நோட்டுக்கு அடைமொழியாய் நிற்கிறது. திருமண அழைப்பிதழை ஆங்கிலத்திலும் அச்சிடுவோர் கவனிக்க: மருமகன்கள் இருவராயின் 'சன்ஸ்-இன்-லா' என முதற்சொல்லே எஸ் கொள்ளும்.

பிள்ளைகளுக்கு இம்மாதப் பயிற்சி: கீ, சிட்டி, வாட்ச், மோனார்க், ஷெல்ஃப், பிலீஃப், எக்கோ, பியானோ, டூத், பிரதர்-இன்-லா ஆகிய பத்துச் சொற்களின் பன்மையை ஆங்கில எழுத்தில் எழுதிச் சங்க நூலகத்துப் பெட்டியில் இடுக. பெற்றோர் திருத்தாமல் அனுப்ப வேண்டுகிறோம். விடைகள் அடுத்த இதழில் வெளிவரும்.