சித்தப்பாவுக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

கொஞ்சம் கூச்சமான விஷயம். வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாது. ஆனால் ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் இருக்கும் நமக்கெல்லாம் என்றாவது ஒருநாள் இந்த வேலை வந்து சேரும் என்பதால் எழுதுகிறேன்.

மும்பையில் இருப்பவன் வீடு என்றால் ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தங்களுக்கு அதுதான் சத்திரம். 2022-ல் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு 51 வயது. மலக்குடலில் புற்றுநோய். இந்தி தெரியாது, ஆங்கிலம் அரைகுறை. மொழிபெயர்ப்பாளர் அடியேன்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் பொறுமையாகப் பேசினார். கட்டி, கதிர்வீச்சு, கொஞ்ச நாளைக்கு வயிற்றில் வைக்கப்போகும் பை என்று எல்லாவற்றையும் வரி பிசகாமல் தமிழில் சொன்னேன். கடைசியாக அவர், "நரம்புகளைக் காப்பாற்றப் பார்ப்போம். ஆனாலும் தாம்பத்திய உறவில் பிரச்சினை வரலாம். அவருக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றார். பக்கத்தில் சித்தி. என்னைத் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டிய மனுஷரிடம் இதை எப்படிச் சொல்வது? "கொஞ்ச நாளைக்கு அசதியா இருக்குமாம் சித்தப்பா" என்று முடித்துவிட்டேன். தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் ராத்திரி போன். "ஏய்யா, உடம்பெல்லாம் தேறிட்டு. ஆனா... அன்னைக்கு டாக்டர் வேற ஒண்ணும் சொல்லலையா?"

புரிந்துவிட்டது. "சொன்னாரு சித்தப்பா. நான்தான் உங்ககிட்ட சொல்லலை."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி, விடு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அத்தனை மாதமும் அவர் ஏதோ பாவம் என்று நினைத்துக்கொண்டு திண்ணையில் படுத்திருக்கிறார். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று சித்தி என் மனைவியிடம் சொல்லி அழுததும் பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மலக்குடலை ஒட்டியே மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. சில விறைப்புக்கு, சில விந்து வெளியேறுவதற்கு. சிறுநீர்ப்பையும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஆழத்தில் கையை விட்டுப் பிரித்தெடுப்பார்கள், நரம்பும் சேர்ந்து கிழியும். 1982-ல் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் ஊர் சர்ஜன் பில் ஹீல்ட், மலக்குடலை அதைச் சுற்றிய கொழுப்போடும் உறையோடும் முழுசாக, கண்ணால் பார்த்துக்கொண்டே பிரித்தெடுக்கும் முறையை எழுதினார். நோய் அதே இடத்தில் திரும்புவதும் குறைந்தது, நரம்பைக் காப்பாற்றவும் வழி கிடைத்தது.

ஆனாலும் உத்தரவாதம் இல்லை. கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் நரம்பை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், உயிர்தான் முதலில். ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிவந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கதிர்வீச்சும் தன் பங்குக்குக் கெடுக்கும். அறுபடாமல் இழுபட்ட நரம்பு என்றால் மெல்லத் தேறலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஆசை அப்படியே இருக்கும், உடம்பு கேட்காது. அதுதான் கொடுமை.

"உயிர் பிழைச்சதே பெரிசு, இந்த வயசுல இது எதுக்கு?" என்பவர்கள் உண்டு. நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருப்பேன் போல. ஆனால் அதை முடிவு செய்ய நான் யார்? உடம்பு அவருடையது. குடும்பம் அவர்களுடையது.

அதனால் என் கட்சி இது: இந்த ஒரு பேச்சுக்கு மட்டுமாவது மகனோ, மருமகனோ, அண்ணன் மகனோ மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ் தெரிந்த நர்ஸோ, சமூகப் பணியாளரோ உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் டாக்டர் சொன்னதைத் தாளில் தமிழில் எழுதி, கணவன் மனைவி இருவர் கையிலும் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள்.

நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். இனிமேல்தான் குழந்தை என்றிருப்பவர்கள், கதிர்வீச்சும் கீமோவும் தொடங்கும் முன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்க வேண்டும். பிறகு பிரச்சினை வந்தாலும் மாத்திரை, ஊசி, பம்பு என்று வழிகள் உண்டு. ஆனால் மாத்திரையைத் தானாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போய்விடும்.

சித்தப்பா பிறகு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தார். சித்தியையும் கூட்டிக்கொண்டு போனார். எவ்வளவு சரியாயிற்று என்று நான் கேட்கவில்லை. இப்போது திண்ணையில் படுப்பதில்லை என்று மட்டும் சித்தி என் மனைவியிடம் சொன்னாராம்.

எனக்கு அது போதும். ஆனால் அந்த எட்டு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?