கையில் ஒரு காவல்காரன்!

சர்க்கரை வியாதி இல்லாத தெரு இன்று உண்டா? தேடித்தான் பார்க்க வேண்டும்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ம் ஆண்டு வெளியாயிற்று. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது என்று அது கணக்குச் சொல்லியது. பத்துக் கோடி! தமிழ்நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம்.

இந்த வியாதி சத்தம் போடாது. ஆனால், கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் மெல்ல மெல்ல அரித்துவிடும். அதனால்தான், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. மேல் கையில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு வில்லை. "சென்சார்" என்பார்கள். இரவும் பகலும் விழித்திருக்கும் காவல்காரன் அது!

அன்றும் இன்றும்

நம் தாத்தா காலத்தில் சிறுநீரைத்தான் சோதித்தார்கள். நீல நிற மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவார்கள். நிறம் மாறாவிட்டால் நிம்மதி. செங்கல் நிறமாகிவிட்டால் ஆபத்து!

பிறகு, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கும் கருவி வந்தது. இது நல்ல கருவிதான். ஆனால், குத்திய அந்த நிமிடத்தில் இருக்கும் அளவை மட்டுமே அது சொல்லும். நள்ளிரவு 2 மணிக்கு என்ன நடந்தது? அது அதற்குத் தெரியாது.

புதிய கருவி அதையும் சொல்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

வில்லையின் அடியில் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி இருக்கிறது. அது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும். அங்குள்ள நீரில் கலந்திருக்கும் சர்க்கரை, கம்பியில் பூசிய ரசாயனத்தின் மீது படும். உடனே மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். அந்தக் கணக்கு செல்போனில் எண்ணாகத் தெரியும். அளவு மிகவும் இறங்கினாலும் ஏறினாலும் மணி அடிக்கும்!

ஒரு வில்லை பெரும்பாலும் 10 நாள் முதல் 15 நாள் வரை உழைக்கும். குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். பிறகு கழற்றிவிட்டு வேறு ஒட்ட வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இது ரத்தத்தை நேராக அளப்பதில்லை. ஆகவே, ரத்தத்தில் மாறுவது இதற்குத் தெரியச் சில நிமிடங்கள் ஆகும். அந்தக் கை மீது ஒருக்களித்துப் படுத்தால், சர்க்கரை இறங்கிவிட்டதாகப் பொய்யாகவும் சொல்லக்கூடும். உடம்பு ஒன்று சொல்லிக் கருவி வேறொன்று சொன்னால், விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

வீட்டுக்குள் போலீஸ் வேண்டாம்!

இந்தக் கருவியோடு வாழ்வது எப்படி? இதைக் குடும்பத்தார் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பா இரண்டு கரண்டி பொங்கல் சாப்பிடுகிறார். எண் ஏறுகிறது. உடனே மகன் சீறுகிறான். மருமகள் முகத்தைச் சுளிக்கிறாள். மறுநாள் அப்பா என்ன செய்வார்? ஒளித்துச் சாப்பிடுவார், இல்லையேல் கருவியே வேண்டாம் என்று கழற்றி எறிவார். நஷ்டம் யாருக்கு?

அந்த எண் பரீட்சை மார்க் ஆகாது. சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது எல்லாருக்கும் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு, 70-க்கும் 180-க்கும் இடையில் ஒரு நாளின் 100 பங்கில் 70 பங்கு நேரம் இருந்தால் போதும் என்பது நிபுணர்கள் 2019-ல் வகுத்த கணக்கு. கர்ப்பிணிகளுக்கும் வயோதிகர்களுக்கும் கணக்கு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திட்டுவதை விட்டுவிட்டுச் சேர்ந்து பாருங்கள். நான்கு இட்லிக்கு எவ்வளவு ஏறியது? இரண்டு இட்லியும் நிறைய சாம்பாரும் என்றால் எவ்வளவு? சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால் எவ்வளவு குறைந்தது? இப்படிப் பார்த்தால், அந்த வில்லை ஒரு நல்ல வாத்தியார்!

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

யாருக்கு முதலில்?

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வில்லையின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று வேண்டும். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்?

மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது எந்நாளும் தேவைப்படாது. டாக்டர் சொன்னால், ஒரு முறை இரண்டு வாரம் ஒட்டிப் பாடம் படித்துக்கொள்ளலாம். வியாதியே இல்லாதவர்கள் நாகரிகத்துக்காக ஒட்டிக்கொண்டு கவலைப்படுவது வீண் செலவு!

ஊசி குத்தாமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லிக் கைக்கடிகாரமும் மோதிரமும் விற்கிறார்கள். அவற்றை நம்பவேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து!

இந்தக் கருவி உயிர் போல் தேவைப்படுவது யாருக்கு? இன்சுலினை நம்பியே வாழும் குழந்தைகளுக்கு!

முதல் வகைச் சர்க்கரை வியாதி பிஞ்சு வயதிலேயே வரக்கூடும். குழந்தையின் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். 1922 ஜனவரியில், கனடா நாட்டு டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த வியாதி வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. இன்று பிழைக்கிறார்கள், படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள்.

ஆனால், அந்தத் தாய்க்குத் தூக்கம் இல்லை. தூங்கும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று நடுச்சாமத்தில் எழுந்து, பிஞ்சு விரலைத் தேடிக் குத்துகிறாள். மணி அடிக்கும் ஒரு வில்லை அந்தக் கையில் இருந்தால், அவளும் கொஞ்சம் கண்ணயரலாம் அல்லவா?

பிரிட்டனில், முதல் வகை வியாதி உள்ள எல்லாருக்கும் இந்தக் கருவியை அளிக்க வேண்டும் என்று 2022-ல் வழிகாட்டு நெறி வகுத்தார்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அது பெரிய காரியம். அதே ஜன்னலில் இந்த வில்லையும் கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், இன்சுலின் போடும் ஏழைக் குழந்தைகளிலிருந்து தொடங்கட்டும்!

காசு உள்ளவன் கைக்கு மட்டும் காவல் போதுமா? குடிசையில் தூங்கும் குழந்தைக்கும் ஒரு காவல்காரன் வேண்டும்!