பழைய பெட்டிக்கும் காவல் வேண்டும்

திருவண்ணாமலைக்கு வந்து போகிறவர்களுக்கு 11 நிலை ராஜகோபுரம் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை தெரியும். சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்கோ இவற்றோடு ஊரின் ஜெராக்ஸ் கடைகளும் தெரியும். வருமானச் சான்றிதழ், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் எதுவானாலும் அவர்கள் ஆதார் அட்டையுடன் வந்து நிற்பது அங்கேதான். கடைக்காரருக்கு முதல் என்பது ஒரு பழைய கணினியும் ஒரு பிரிண்டருமே.

அத்தகைய கணினிகள் பலவற்றுக்கு 2025 அக்டோபர் 14 ஒரு கெடு நாளாக வந்தது. 2015இல் வெளியான 'விண்டோஸ் 10' இயங்குதளத்துக்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி அன்றோடு நிறுத்திக்கொண்டது.

இயங்குதளம் என்பது கணினிக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை. எந்த வேலையும் அவர் கையைத் தாண்டி நடவாது. அவர் கண்ணில் மண்ணைத் தூவத் திருடர்கள் நாள்தோறும் புதுவழி தேடுகிறார்கள். அந்த வழிகளை அடைப்பதே திருத்தத்தின் வேலை. அது நின்றாலும் கணினி ஓடத்தான் செய்யும். ஆனால் கதவின் தாழ்ப்பாள் நாளுக்கு நாள் தளரும்.

2021இல் வந்த 'விண்டோஸ் 11' புதுமைகள் உடையதுதான். திரையைப் பங்கிட்டுப் பல வேலைகளை அருகருகே வைக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை அறிவு உதவியாளரும் பின்னர் சேர்ந்தது. இரகசியச் சாவிகளைக் காக்கும் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு ஏற்பாடு கணினியில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையிலும் நியாயம் உண்டு. ஆனால் 2017க்கு முந்திய சில்லுகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. விண்ணப்பம் நிரப்பும் கடைக்காரர் இந்த அலங்காரங்களைக் கேட்கவில்லை. அவர் கேட்பது தாழ்ப்பாள் ஒன்றே. அதற்காகப் பெட்டியையே மாற்று என்றால் என்ன செய்வார்?

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுச் சலுகை உண்டு. தொழில் நிறுவனங்களுக்கோ முதல் ஆண்டுக்கே கணினி ஒன்றுக்கு 61 டாலர் விலை; அது ஆண்டுதோறும் இரட்டிக்கும். லினக்ஸ் வழியில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் இலவசம். ஆனால் கடையில் உள்ள பிரிண்டரும் கைரேகைக் கருவியும் அதனுடன் ஒத்துப்போகுமா என்பதை முதலில் சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையைச் செய்து வழிகாட்ட அரசு முன்வருவது நலம்.

இது கடைக்காரரின் கஷ்டம் மட்டுமன்று. தாழ்ப்பாள் தளர்ந்த பெட்டிக்குள் போவது கிராமத்துக் கிழவியின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆகும். அந்த அம்மாளுக்கு விண்டோஸ் என்ற பெயரே தெரியாது. எனவே கடைக்காரரும் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று வாளா இருப்பது தகாது. முக்கிய நகல்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுவது இன்றே செய்யக்கூடிய காரியம்.

புது வசதிக்குக் கம்பெனி விலை கேட்கட்டும், வேண்டியவர் வாங்குவர். ஆனால் தான் விற்ற பொருளின் ஓட்டையை அடைப்பது வியாபாரம் அல்ல, கடமை. கோயிலில் திருப்பணி என்றால் வெடித்த சுவரைப் பூசுவார்கள், ஒழுகும் மேல்தளத்தைச் செப்பனிடுவார்கள். கோபுரம் பழையது என்று எவரும் கைவிடுவதில்லை. உழைக்கிற பழைய பெட்டியும் அந்த அளவு நியாயத்துக்கு உரியதே.